ஸ்பீக்கர் பெட்டியும் வீட்டுத் தச்சர்களும்

வீட்டு ஒலிக்கருவிகளில் மரம் முதலில் புகுந்தது மறைப்பதற்காக. கிராமஃபோனின் பெரிய குழாய் கூடத்தில் நீட்டிக்கொண்டு நிற்பது பலருக்கு உறுத்தலாக இருந்தது. அமெரிக்காவின் கேம்டன் நகரில் இயங்கிய விக்டர் நிறுவனம் 1906-ல் அந்தக் குழாயைக் கீழ்நோக்கி மடித்து, மரப்பெட்டிக்குள் அடைத்து, ‘விக்ட்ரோலா’ என்று விற்றது. பெட்டியின் கதவைத் திறந்தால் சத்தம் கூடும், சாத்தினால் குறையும். மேசை நாற்காலிகளோடு அதுவும் ஒரு மரச்சாமானாக நின்றது.

மரத்துக்கு வேறு வேலை கொடுத்தது காகிதக் கூம்பு வைத்த ஒலிபெருக்கி. ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர்கள் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-ல் அந்த ஒலிபெருக்கியை விவரித்தார்கள். கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போதே பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த ஒலிகளில்தான் இழப்பு அதிகம். ஆகவே முன்னையும் பின்னையும் பிரிக்க ஒரு பலகையோ பெட்டியோ தேவைப்பட்டது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-ல் பெற்ற காப்புரிமை இன்னும் ஒரு படி போனது. பெட்டியில் அளவறிந்து ஒரு துளை விட்டால், பின்பக்க ஒலியே தாழ்ந்த ஒலிக்குத் துணை வரும். அதுமுதல் பெட்டியின் கொள்ளளவும் துளையின் அளவும் காதுக்குத் தெரியும் விஷயங்களாயின.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யும் பழக்கம் பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. லண்டனின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழ் 1947 ஏப்ரல், மே மாதங்களில் டி.டி.என். வில்லியம்சனின் 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை வெளியிட்டது. சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பல நாடுகளில் அதைக் கட்டினார்கள். அதை முடித்தவர்களுக்கு அடுத்த கவலை, அதற்குத் தகுந்த பெட்டி.

அந்தக் கவலைக்கு மருந்து எழுதியவர் கில்பர்ட் பிரிக்ஸ். ஜவுளித் தொழிலில் இருந்த இந்த யார்க்‌ஷயர்காரர் 1930களின் தொடக்கத்தில் இல்க்லி ஊரில், தன் வீட்டின் நிலவறையில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கினார். வார்ஃப்டேல் நிறுவனம் அங்கேதான் பிறந்தது. 1948-ல் வெளிவந்த அவருடைய ‘லவுட்ஸ்பீக்கர்ஸ்’ நூல், பொறியியல் படிக்காதவருக்கும் புரியும்படி எழுதப்பட்டது. கடைக்காரரே பெட்டி செய்யக் கற்றுக்கொடுப்பது விந்தையாகத் தோன்றலாம்; ஆனால் பெட்டியைச் செய்து முடித்தவர் உள்ளே வைக்க ஸ்பீக்கர் வாங்கித்தானே ஆகவேண்டும்!

பிரிக்ஸுக்குப் பகை, அதிரும் பலகை. வீணைக் குடத்துக்குப் பலாமரம் தேடுவது அது தந்தியோடு சேர்ந்து பாடவேண்டும் என்பதற்காக. ஸ்பீக்கர் பெட்டியின் மரமோ வாயே திறக்கக் கூடாது. இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கு நடுவே உலர்ந்த மணலைக் கொட்டி அடைத்துவிடுவது அவர் பரப்பிய வழி. அறையின் மூலையில் செங்கல் கட்டி எழுப்பும் பெட்டியையும் அவர் பரிந்துரைத்தார். ஒலிக்கு அது நல்லதுதான். வீடு மாறும்போது என்ன செய்வது என்பது கட்டியவர் பாடு.

மூலையை இன்னொரு விதமாகப் பயன்படுத்தினார் அமெரிக்கர் பால் கிளிப்ஷ். ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் ஊரில் 1946-ல் நிறுவனம் தொடங்கிய அவருடைய ‘கிளிப்ஷ்ஹார்ன்’ பெட்டிக்குள் ஒலி மடிந்து மடிந்து வெளியேறும். அறையின் இரு சுவர்களும் அந்தப் பாதையின் நீட்சி. மரப்பலகையைச் சாய்கோணத்தில் பிசகாமல் அறுக்கத் தெரியாதவர் கைவைக்கக் கூடாத வேலை. மற்றவர்களுக்கு ஹீத்கிட், டைனாகோ நிறுவனங்கள் உதிரிபாகங்களாக விற்ற ஆம்ப்ளிஃபையர்கள் இருந்தன. இங்கிலாந்தின் கேரார்டு நிறுவனம் 1954-ல் கொண்டுவந்த 301 இசைத்தட்டுச் சுழற்றியும் அடிப்பெட்டி இல்லாமலே விற்கப்பட்டதால், அதற்கும் தச்சர் கை தேவைப்பட்டது.

அதே 1954-ல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கர் வந்தது. காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு வில்போல வேலை செய்தது. அலமாரியில் வைக்கும் அளவுள்ள பெட்டியிலிருந்தே ஆழமான தாழ்ந்த ஒலி கிடைத்தது. ஸ்டீரியோ வந்து ஒன்றுக்கு இரண்டு பெட்டி வேண்டியதாகிவிட்ட பிறகு, பீரோ போன்ற பெட்டிகளுக்கு வீடுகளில் இடம் குறைந்தது. செய்வதும் எளிதானது, மூட்டுகளில் மட்டும் ஊசி நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது.

அதுவரை துளையுள்ள பெட்டி செய்தவர்கள் பெரும்பாலும் அறுத்து, கேட்டு, மறுபடி அறுத்துப் பார்த்தவர்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகள் அந்த அலைச்சலைக் குறைத்தன. ஸ்பீக்கரின் சில அளவுகள் தெரிந்தால் பெட்டியின் கொள்ளளவைக் காகிதத்திலேயே கணக்கிடலாம் என்றாயிற்று.

பலகை பற்றிய வாதம் மட்டும் ஓயவில்லை. கனமே நல்லது என்ற பிரிக்ஸின் வழிக்கு மாறாக, பிபிசி பொறியாளர்கள் மெல்லிய பிர்ச் ப்ளைவுட்டின் உட்புறத்தில் அதிர்வை உறிஞ்சும் பொருளை ஒட்டினார்கள். 1970களில் உருவான எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கரின் உள்சட்டங்களுக்குப் பீச் மரம். அதற்குப் பதில் பரானா பைன் போட்டபோது ஒலி மாறியது காதுக்கே தெரிந்தது.

முழு மரத்தால் பெட்டி செய்ய ஆசைப்பட்டவர்களுக்கு ஈரப்பதம் தடையாக நின்றது. பருவத்துக்கேற்ப அகலப் பலகை விரியும், சுருங்கும். மூட்டு பிளந்தால் காற்று கசியும். அதனால் ப்ளைவுட், சிப்போர்டு, பின்னாளில் எம்.டி.எஃப். ஆகியவற்றின் மேல் தேக்கு அல்லது வால்நட் வெனீர் ஒட்டுவதே வழக்கமாயிற்று. முழு மரம் விளிம்புச் சட்டங்களிலும், கடைசல் பிடித்த குழல்களிலும், சுழற்றியின் அடிப்பெட்டியிலும் தங்கியது.