யாருடைய இருண்ட காலம்?

அண்ணன் வீட்டுக் கூடத்தில், டிவி அலமாரிக்கு மேலே, ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பி.எம்.டபிள்யூ. எம் 1000 ஆர்.ஆர். அசல் வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 2022-இல் தன் 'டெக்னிக்' வரிசையில் வெளியிட்ட மாதிரி. மொத்தம் 1920 துண்டுகள். பெட்டியின் மேல் 18+ என்று அச்சிட்டிருக்கிறது. அண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி முடித்தார்.

அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். சாப்பாட்டு மேசை முழுக்கத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் வகைபிரித்த துண்டுகள். அவரைப் போலவே இதைக் கட்டும் நண்பர்கள் இருவர் வந்திருந்தார்கள். பேச்சு சூடாக நடந்தது. பின்சக்கரத்தைச் சுழற்றினால் செயின் வழியாக எஞ்சினின் பிஸ்டன்கள் ஏறி இறங்குவது ஒருவருக்குப் பெரிய மகிழ்ச்சி. மூன்று கியரும் ஒரு நியூட்ரலும் உள்ள கியர்பாக்ஸ் வெளியே தெரியாமல் உள்ளே புதைந்துபோகிறதே என்று மற்றவருக்கு வருத்தம். 2017-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 1200 ஜி.எஸ். வெறும் 603 துண்டுதான், ஆனாலும் அதுதான் கச்சிதம் என்றார் அவர். டெக்னிக் மோட்டார் சைக்கிளுக்கு முதன்முதலில் கியர்பாக்ஸ் வந்தது 2020-இன் டுகாட்டியில்தான் என்று அண்ணன் திருத்தினார். விலை பற்றிப் புலம்பல் எல்லோருக்கும் பொது. இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு எழுத்துகளைத் துண்டின் மேலேயே அச்சிடாமல் ஸ்டிக்கராகக் கொடுத்துவிட்டார்களே என்பதிலும் மூவரும் ஒருமனம்.

அப்போது அண்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "பாப்பா, வந்து இந்த ஸ்டிக்கரை ஒட்டிக் குடு. உனக்குத்தான் கை நடுங்காது."

பன்னிரண்டு வயதுப் பெண் வந்தாள். கோணாமல் ஒட்டினாள். "சூப்பர்" என்றார்கள். போய்விட்டாள். கியர்பாக்ஸ் பற்றிய விவாதம் தொடர்ந்தது.

இந்தக் கட்டுரை அந்த ஸ்டிக்கரிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் பொழுதுபோக்கில் ஆழ்ந்தவர்களுக்கென்று தனிச் சொற்கள் உண்டு. அண்ணன்தான் எனக்குச் சொன்னார். சிறுவயதில் கட்டி விளையாடிவிட்டு, பதின்வயதில் நிறுத்திவிட்டு, சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு திரும்பி வருகிறார்கள் அல்லவா, அந்த இடைப்பட்ட ஆண்டுகளுக்கு உலகெங்கும் அவர்கள் சொல்லும் பெயர் 'இருண்ட காலம்'.

தமிழ் படித்தவளுக்கு அந்தச் சொல் சும்மா வராது. களப்பிரர் காலத்தை அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள். சான்றுகள் நமக்குக் கிடைக்காத காலத்துக்கு நாம் வைத்த பெயர் அது. அந்தக் காலத்து மனிதர்கள் இருட்டில் வாழ்ந்தார்கள் என்று பொருளில்லை என மயிலை சீனி. வேங்கடசாமி போன்றவர்கள் பிறகு வாதிட்டார்கள். இருண்ட காலம் என்று யாராவது சொன்னால், யாருக்கு இருட்டு, விளக்கு அதற்கு முன் யார் கையில் இருந்தது என்று கேட்கப் பழகியிருக்கிறேன்.

அண்ணனின் இருண்ட காலம் பதினைந்து வயதிலிருந்து நாற்பத்தைந்து வரை. அதற்கு முன் அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. துளையிட்ட தகரப் பட்டைகள், சின்னச் சக்கரங்கள், நட்டு, போல்ட்டு, ஒரு குட்டி ஸ்பானர். எனக்கு மரச்சொப்பு. அவர் கிரேன் செய்யும்போது நட்டை உருளாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. சொப்பு பிடிக்காமல் இல்லை. ஆனால் அந்த ஸ்பானரை ஒருமுறை கேட்டுத் திட்டு வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது. திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்தால்தான் விலகியிருந்த காலம் இருண்ட காலம் ஆகும். எனக்கு அந்த இடமே இருந்ததில்லை.

தகரப் பட்டைகளின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்ற பெயர் 1907-இல் வந்தது. பெட்டியின் மேல் பையன்கள் படம். சிறுவர்களுக்கான பொறியியல் என்பதே விளம்பர வாசகம். 1916 முதல் அந்த நிறுவனம் ஒரு பத்திரிகையும் நடத்தியது. அந்தப் பத்திரிகை நடத்திய போட்டி ஒன்றில், ஓடக்கூடிய நூற்பு ராட்டினம் ஒன்றை மெக்கானோவில் செய்து பரிசு பெற்றவர் ஒரு பெண்பிள்ளை. ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஒரு இறைச்சிக் கடைக்காரரின் மகள். பெயர் பியாட்ரிஸ் ஷில்லிங். பிறந்தது 1909 மார்ச் 8.

பதினான்கு வயதில் ஷில்லிங் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஓட்டுவதைவிடப் பிரித்துப் பூட்டுவதில் அவருக்கு ஆசை. 1919-இல் தொடங்கப்பட்டிருந்த பெண் பொறியாளர் சங்கத்தைச் சேர்ந்த மார்கரெட் பார்ட்ரிஜிடம் வேலை பழகினார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தார். 1934-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் தன் நார்ட்டன் வண்டியில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு சுற்று ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கினார். அதே ஆண்டில் அவருக்கு முன் அதை வாங்கிய பெண் ஃபுளோரன்ஸ் பிளென்கிரன். அந்த டிசம்பரிலேயே பிளென்கிரனும் தோழி தெரசா வாலக்கும் பேந்தர் மோட்டார் சைக்கிளில், பக்கப் பெட்டியும் பின்வண்டியும் பூட்டி, லண்டனிலிருந்து கிளம்பினார்கள். சகாராவைக் கடந்து 1935-இல் கேப் டவுன் போய்ச் சேர்ந்தார்கள்.

ஷில்லிங் 1936-இல் ஃபார்ன்பரோவின் அரச விமான ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் எஞ்சினில் ஒரு கோளாறு: மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால் கார்புரேட்டரில் எரிபொருள் தாறுமாறாகி எஞ்சின் திணறும். எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் ஜெர்மன் எஞ்சின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விமானிகள் இதனால் உயிரிழக்கும் நிலை. ஷில்லிங் செய்து கொடுத்தது நடுவில் துளையுள்ள ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு எரிபொருள் வேண்டுமோ அவ்வளவை மட்டும் விடும். எஞ்சினைக் கழற்றாமலே மாட்டலாம். 1941-இல் விமானத் தளம் தளமாகப் போய் அவருடைய குழு அதைப் பொருத்தியது.

விமானிகள் அந்தத் துண்டுக்கு அவர் பெயரால் ஒரு கொச்சையான பட்டப்பெயர் வைத்தார்கள். அதிலும் 'மிஸ்' ஷில்லிங்தான். 1938-லேயே அவருக்குத் திருமணம் ஆகியிருந்தது.

பெட்டியின் மேல் பையன்களின் படம் போட்டிருந்தாலும் அவர் அதைத் திறந்தார். அப்படித் திறந்தவர் ஒருவர் என்றால், படத்தைப் பார்த்துத் தமக்கில்லை என்று விலகிய பெண்கள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றிச் சான்று எதுவும் இருக்காது. விலகியதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

லெகோவின் கதை வேறு மாதிரித் தொடங்கியது. 1932-இல் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சேர்த்து 1934-இல் பெயர் வைத்தார். மேலே குமிழ், அடியில் குழாய் என்று ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் கட்டைக்கு 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டின் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். 1963-இல் ஓலேயின் மகன் கோட்ஃபிரெட் தம் பொம்மைகளுக்கு வகுத்த பத்து இலக்கணங்களில் ஒன்று, அவை பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் உரியவை என்பது. 1974-இல் பெட்டிக்குள் பெற்றோருக்கு ஒரு கடிதம் வைத்தார்கள்: படைக்கும் ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றே, எதைக் கட்டினாலும் விடுங்கள் என்று அதன் சாரம். 1981-இன் அமெரிக்க விளம்பரம் ஒன்றில் செம்பட்டைச் சடையும் நீலக் கால்சட்டையுமாக ஒரு சிறுமி, தான் கட்டியதைப் பெருமையாகத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

இதெல்லாம் உண்மை. கூடவே நடந்த இன்னொன்றும் உண்மை. 1971-இலேயே பெண்பிள்ளைகளை மனத்தில் வைத்து வீட்டுச் சாமான் வரிசை வந்துவிட்டது. 1978-இல் இன்றைய குட்டி மனிதப் பொம்மைகள் வந்தபோது முதல் பெண் ஒரு செவிலியர். 1992-இல் இளஞ்சிவப்புக் கடற்கரை வரிசை, 1994-இல் இன்னொன்று. 2012-இல் நான்கு ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 'ஃபிரெண்ட்ஸ்' வரிசை. அதன் பெண் பொம்மைகள் மெலிந்தவை. மற்றக் குட்டி மனிதர்களின் மணிக்கட்டு சுழலும், கால்கள் தனித்தனியே அசையும். இந்தப் பெண்களுக்கு மணிக்கட்டு சுழலாது, இரண்டு காலும் சேர்ந்தே மடங்கும். அமெரிக்காவில் 50,000 பேருக்கு மேல் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள்.

ஃபிரெண்ட்ஸை ஒரேயடியாக நான் பழிக்க மாட்டேன். அது நன்றாக விற்றது. பல பெண்பிள்ளைகள் அதன் வழியாகத்தான் கட்டவே வந்தார்கள். எங்கள் பாப்பாவின் முதல் பெட்டியும் அதுதான். இளஞ்சிவப்பு குற்றமில்லை. ஒரு கடையில் ஒரு வரிசை அலமாரியை இளஞ்சிவப்பாக்கினால், மற்ற வரிசைகள் எல்லாம் யாருக்கு என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது. அதுதான் என் சங்கடம். பற்சக்கரமும் அச்சும் செயினும் உள்ள டெக்னிக் அந்த மற்ற வரிசையில் இருக்கிறது.

2014 தொடக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் செய்திகளில் வந்தது. பெண் பொம்மைகள் வீட்டில் இருக்கின்றன, கடற்கரைக்கும் கடைக்கும் போகின்றன. ஆண் பொம்மைகள்தாம் சாகசம் செய்கின்றன என்பது அவள் குற்றச்சாட்டு. அந்த ஆகஸ்டில், எலன் கூய்மன் என்ற புவிவேதியியலாளர் முன்மொழிந்த பெட்டி வெளிவந்தது: தொல்லுயிர் ஆய்வாளர், வானியலாளர், வேதியியலாளர் என மூன்று பெண்கள். சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது. 2021-இல் லெகோவுக்காக ஜீனா டேவிஸ் நிறுவனம் நடத்திய ஆய்வில், பெண்களுக்கானது எனக் கருதப்படும் பொம்மையோடு விளையாடினால் கேலிக்கு ஆளாவோம் என்று ஆண்பிள்ளைகளில் 71 விழுக்காட்டினர் பயந்தது தெரிந்தது. எதிர்த்திசையில் அதே பயம் பெண்பிள்ளைகளில் 42 விழுக்காட்டினருக்கு. தம் பொம்மைகளிலிருந்து பாலினச் சார்பை நீக்கப் பாடுபடுவோம் என்று நிறுவனம் அப்போது அறிவித்தது. 1974-இல் கடிதமாகப் பெட்டிக்குள் இருந்ததை 47 ஆண்டுகள் கழித்து அறிக்கையாக மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த 71-ஐ நான் அடிக்கடி நினைக்கிறேன். அண்ணன் கெட்டவர் இல்லை. மகளைக் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்துப் படிக்கவைக்கிறவர். கியர்பாக்ஸை அவளிடம் தரக்கூடாது என்று அவர் நினைக்கவில்லை. தரலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் அப்பாவுக்கும் அந்த ஸ்பானர் விஷயத்தில் அப்படித்தான் இருந்திருக்கும்.

நண்பர்கள் போன பிறகு கேட்டேன்: "ஏண்ணா, இதைப் பிரிச்சுப் பாப்பாகிட்டக் குடுத்தா என்ன?"

"விளையாடுறியா? மூணு வார வேலை. இது காட்சிக்கு வெச்சது."

பிறகு சிரித்துவிட்டு, "அவளுக்கு இதுல எங்க இஷ்டம்? கேட்டதே இல்லையே" என்றார்.

நானும் ஒருமுறைதான் கேட்டேன்.

அவள் அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி வாங்கிப் போனேன். கவாசாகி நின்ஜா எச்2ஆர், 643 துண்டுகள், இரண்டு கியர். 2024-இல் வந்தது. பெட்டியைப் பார்த்ததும் "எனக்கா அத்தை? அப்பாவுக்கா?" என்றாள். உனக்குத்தான் என்றேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். ஓரிடத்தில் பற்சக்கரம் ஒன்றைத் திருப்பி மாட்டிவிட்டு, எஞ்சின் சுற்றவில்லை என்று பாதி வண்டியைத் தானே பிரித்தாள். அண்ணன் இரண்டு முறை கையை நீட்டினார். இரண்டு முறையும் நான் அவரைக் காபி போடச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பினேன்.

கடைசியில் ஸ்டிக்கர் தாள் மிச்சமிருந்தது. அவள் அதை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.

"நீங்க ஒட்டுங்கப்பா. நான் இன்னொரு தடவை கியரைப் பாக்கணும்."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஸ்டிக்கரே கோணிவிட்டது.