தாய்மாமன் வராத கல்யாணம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

2025 ஆவணி மாசம் நாங்க மூணு பேர் ஒரு கல்யாணத்துக்காக வெளிநாடு போயிட்டு வந்தோம். வெளிநாடுன்னதும் விமானம், கோட்டு சூட்டுன்னு பெருசா கற்பனை பண்ணிடாதீங்க. நாகப்பட்டினத்துல காலையில கப்பல் ஏறினா மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு காங்கேசன்துறை. சென்னையிலேர்ந்து நாகப்பட்டினம் போறதுக்குத்தான் எங்களுக்கு அதைவிட அதிக நேரம் ஆச்சு. வீட்டுத் தங்கமணிகிட்ட "ஃபாரின் போறேன்"னு சொன்னப்ப, "நாகப்பட்டினத்துக்கு எதுக்குங்க இவ்வளவு பில்டப்பு"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். இந்தப் பதிவே கிட்டத்தட்ட அந்தக் கேள்விக்கான பதில்தான்.

மாப்பிள்ளை எங்க கூட திருச்சியில காலேஜ் படிச்சவன். 1990ல மூணு வயசுக் குழந்தையா, ராத்திரியில ஒரு மீன்பிடிப் படகுல அம்மா, அம்மம்மாவோட ராமேஸ்வரம் பக்கம் வந்து இறங்கினவன். முகாம்லயே வளர்ந்து, முகாம்லேர்ந்தே காலேஜுக்கு வந்து, 2012ல அம்மாவைக் கூட்டிக்கிட்டு திரும்ப யாழ்ப்பாணம் போயிட்டான். முப்பத்தெட்டு வயசுல கல்யாணம். "மச்சான், நீங்கள் மூண்டு பேரும் கட்டாயம் வரவேணும்"னு போன்ல சொன்னான். ஆணி பிடுங்குற இடத்துல லீவு கேட்டு, பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து, இலங்கைக்கான மின்-விசாவுக்கு நெட்டுல விண்ணப்பிச்சு, எல்லாம் முடிஞ்சப்ப அவங்க அம்மாகிட்டேர்ந்து தனியா ஒரு போன்.

"தம்பி, வரேக்க வேதாரணியத்தில எங்கட மாமா வீட்டுக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ. ஒரு கூறைச்சேலை தருவினம். கவனமாக் கொண்டு வாங்கோ."

யாழ்ப்பாணத்துக் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து பொண்ணுக்குக் கொடுக்குற முகூர்த்தப் புடவைக்குப் பேரு கூறை. கூறைன்னா பழைய தமிழ்ல துணி. எங்க மூணு பேர்ல ஒருத்தன் மாயவரத்துக்காரன். அங்கே ஊருக்குள்ளேயே கூறைநாடுன்னு நெசவுக்குப் பேர் போன பகுதி இருக்கு. "பார்த்தியா, எங்க ஊர்ச் சேலைதான் கடல் தாண்டிப் போகுது"ன்னு வேதாரண்யம் போற வரைக்கும் அலட்டிக்கிட்டே வந்தான். மாமா வீட்டுல பெட்டியைத் திறந்து காட்டி, "இது காஞ்சிபுரம் தம்பி"ன்னு சொன்னதும் பய கப்சிப் :-)

கொடுத்தவர் மாமா இல்லை, மாமாவோட பையன். பையன்னாலும் அவருக்கு அறுபத்தெட்டு வயசு. முழங்கால் வலி, கப்பல் பயணம் வேண்டாம்னுட்டார். அன்னைக்கு ராத்திரி அவர் வீட்டுத் திண்ணையில கேட்ட கதைதான் என்னை வரலாற்றுப் புத்தகங்கள் பக்கம் துரத்தி விட்டது.

1947ல அவரோட அத்தைக்கு, அதாவது நம்ம மாப்பிள்ளையோட அம்மம்மாவுக்கு, பதினேழு வயசு. யாழ்ப்பாணத்துல சம்பந்தம். அந்தப் பக்கத்துலேர்ந்து தோணியில வந்து பொண்ணு கேட்டு, இந்தப் பக்கத்துலேர்ந்து தோணியிலயே சீர் எடுத்துப் போய்க் கல்யாணம் முடிச்சிருக்காங்க. பாஸ்போர்ட், விசா எதுவும் கிடையாது. "திருவாரூருக்குக் குடுக்குறதுக்கு யாழ்ப்பாணத்துக்குக் குடுத்தோம், அவ்வளவுதான் தம்பி"ன்னார்.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லைன்னு படிச்சப்ப புரிஞ்சது. கோடிக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்தின் வடகரை கடல் வழியாக சுமார் 50 கிலோமீட்டர்தான். வேதாரண்யம் கோயில் நிர்வாகமே தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணத்து வரணி ஆதீனத்தின் கையில் இருந்திருக்கிறது. சிதம்பரத்தில் இருக்கும் ஞானப்பிரகாசர் குளம், போர்த்துகீசியர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த ஞானப்பிரகாச முனிவர் வெட்டியது என்பார்கள். ஆறுமுக நாவலர் 1849ல் அச்சு இயந்திரம் வாங்கச் சென்னைக்கு வந்தவர், திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்து 'நாவலர்' பட்டத்தோடு ஊர் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கியபோது அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர் சிறுப்பிட்டிக்காரரான சி.வை.தாமோதரம் பிள்ளை. தஞ்சாவூர் ஜில்லா நாதஸ்வர வித்வான்கள் யாழ்ப்பாணத்துத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போய் வருவதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். அங்கிருந்து தவிலோடு இங்கே வந்து நம்ம ஆட்களை வாய் பிளக்க வைத்தவர் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி.

தோணின்னா ஏதோ கட்டுமரம்னு நெனச்சுடாதீங்க. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்கிற பாய்மரக் கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கி, பேரை மாற்றினார்; வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிப் போய் 1938ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். அமெரிக்கா வரைக்கும் போனவங்களுக்கு வேதாரண்யம் எம்மாத்திரம்?

தோணி வேண்டாம் என்பவர்களுக்கு ரயில் இருந்தது. 1914ல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரில் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட் வாங்கலாம். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி ரயில். அதுதான் போட் மெயில். இன்னமும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை எங்க பெரியப்பா போட் மெயில்னுதான் சொல்வார். போட் போய் நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, பேர் மட்டும் போகலை.

நிற்க. இப்படிப் பக்கத்து ஊரா இருந்தது எப்போ வெளிநாடு ஆச்சு?

நான் அதுவரைக்கும் எல்லாத்துக்கும் யுத்தம்தான் காரணம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இல்லை. இலங்கை சுதந்திரம் அடைந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் வந்து, தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த நம்ம ஆட்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. அதே வருஷம் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் நிறைவேறி, 1949 நவம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அன்னையிலேர்ந்து கடவுச்சீட்டு, விசா. அம்மம்மாவுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டே வருஷம். தங்கச்சியைப் பார்க்கப் போற அண்ணன் ரெண்டு அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்கணும். வேதாரண்யத்து மாமா முதல் தடவையா பாஸ்போர்ட்டோட போனது 1960ல, தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்தப்பதான். அந்தப் பொண்ணுதான் எங்களுக்குப் போன் பண்ணின அம்மா.

1964 இன்னும் மோசம். அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். சந்தையில ஆடு பிரிச்ச மாதிரி. அந்த மனுஷங்ககிட்ட யாரும் கேட்கலை. ரெண்டு மாசம் கூட ஆகலை, டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடியே போனது, பயணிகளோடு ஒரு ரயிலும் போனது. கப்பல் அதுக்கப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. ஒப்பந்தப்படி 'தாயகம் திரும்பிய' தோட்டத் தொழிலாளர்கள் வந்து இறங்கியதும் அந்தக் கப்பலில்தான். பலர் பிறந்ததே இலங்கையில், ராமேஸ்வரத்தை முதன்முதலாக அன்றுதான் பார்க்கிறார்கள்.

1984ல் அந்தக் கப்பலும் நின்றது. 1985ல அம்மாவுக்குக் கல்யாணம்.

தாய்மாமன் இல்லாம ஒரு கல்யாணம் எப்படின்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. மாமா சேலை எடுத்து வச்சிருந்தார். கப்பல் இல்லை. கள்ளத்தோணியில போறேன்னு கிளம்பினவரை வீட்டுல எல்லாரும் காலைப் பிடிச்சுத் தடுத்துட்டாங்களாம். முகூர்த்த நேரத்துக்குக் கோடிக்கரையில போய்க் கடலைப் பார்த்து நின்னுட்டு வந்தார்னு சொல்லிட்டு, மாமா பையன் கொஞ்ச நேரம் பேசலை. நாங்களும் பேசலை.

1990 ஜூன்ல மறுபடி சண்டை தொடங்கி, காங்கேசன்துறைப் பக்கம் ஊர் ஊரா காலி பண்ணிக்கிட்டு ஓடினாங்க. அப்பதான் நம்ம மாப்பிள்ளை குடும்பம் மண்டபம் முகாமுக்கு வந்தது. அந்த முகாமோட கதையே தனி. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களுக்குக் காலரா, பிளேக் இருக்கிறதா என்று தங்க வைத்துப் பார்த்து அனுப்புவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. பிறகு அகதிகளுக்கு முகாமானதும் அதே இடம். போகும்போதும் வரும்போதும் அதே வாசல்தான்.

அங்கேதான் அம்மம்மாவை 'இலங்கை அகதி'ன்னு பதிஞ்சிருக்காங்க. வேதாரண்யத்துல பொறந்தவங்களை! "நான் இஞ்சத்தய ஆள்"னு சொல்லிப் பார்த்தாங்களாம். பதிவு பண்றவர் என்ன செய்வார்? கையில ஒரு காகிதம் கிடையாது. அறுபது வயசுல அகதியானவங்க 1999ல அகதியாவே போய்ச் சேர்ந்தாங்க. சொந்த ஊர்லேர்ந்து நாலு மணி நேரப் பஸ் தூரத்துல இருந்த ஒரு முகாம்ல.

சரி, பயணத்துக்கு வருவோம். 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலைத் தொடங்கினார்கள். சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பம். மழைக்காலத்தில் ஓடாது. யாழ்ப்பாணத்துக்கு விமானமும் இருக்கு, ஆனா சேலையைக் கப்பல்லதான் கொண்டு போகணும்னு எங்களுக்கு ஒரு பிடிவாதம். அதுக்கான தண்டனையை மாயவரத்தான் அனுபவிச்சான். நாகப்பட்டினம் கலங்கரை விளக்கம் கண்ணுலேர்ந்து மறையறதுக்கு முன்னாடியே பிளாஸ்டிக் பையை வாயில வச்சவன், காங்கேசன்துறையிலதான் எடுத்தான்.

இறங்கின இடத்துல சுங்கத்துல பெட்டியைத் திறக்கச் சொன்னாங்க. "விற்கவா?"ன்னு அதிகாரி கேட்டார். "தாய்மாமன் வீட்டுச் சீர்"னு சொன்னேன். அவர் சிங்களவர். பக்கத்துல இருந்த தமிழ்ப் பொண்ணு சிங்களத்துல என்னமோ விளக்கினாங்க. சிரிச்சுட்டு, அவரே மடிப்புக் கலையாம மூடிக் கொடுத்தார்.

அன்னைக்கு சாயந்திரம் வீட்டுல பலகாரம் சுட்டுக்கிட்டு இருந்தாங்க. "வாங்கோ தம்பியவை, சாப்பிட்டனீங்களோ"ன்னு ஓடி வந்த அம்மா, பெட்டியை வாங்கினதும் உட்கார்ந்துட்டாங்க. அப்பத்தான் மிச்சக் கதை தெரிஞ்சது. 1985ல வர முடியாமப் போன சேலையை, மாமா 1990ல முகாமுக்கே கொண்டு வந்து கொடுத்திருக்கார். அஞ்சு வருஷம் கழிச்சு, தகர ஷெட்டுல வச்சு.

"நான் அதைக் கட்டேல்லத் தம்பி. இவனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கிடக்கேக்க வித்துப்போட்டன். மாமாட்டச் சொல்லவே இல்லை. அவர் செத்த பிறகுதான் மகனிட்டச் சொன்னனான்."

நம்ம மாப்பிள்ளை வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான். அவனுக்கும் அது அன்னைக்குத்தான் தெரியும்னு மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சது.

மறுநாள் முகூர்த்தம் நல்லா நடந்தது. ஐயர் கூறைத் தட்டை எடுக்கச் சொன்னப்ப, தாய்மாமன் வீட்டு ஆளா வந்து பிடிக்கச் சொல்லி அம்மா எங்களைக் கூப்பிட்டாங்க. மூணு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சோம். தட்டு சின்னது, பார்க்கக் கொஞ்சம் காமெடியாத்தான் இருந்திருக்கும். பொண்ணு அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு வந்தப்ப, அம்மா மணவறையைப் பார்க்காம போனைக் கையில வச்சுக்கிட்டு வேதாரண்யத்துக்கு வீடியோவுல காட்டிக்கிட்டு இருந்தாங்க. "தெரியுதோ? தெரியுதோ?"ன்னு தவில் சத்தத்துக்கு மேல கத்திக்கிட்டு.

திரும்பி வரும்போது மாமா பையனுக்குன்னு ஒரு பை கொடுத்தாங்க. பனங்கட்டி, ஒடியல் மா, பருத்தித்துறை வடை. நாகப்பட்டினத்துல இறங்கினதும் அதையும் பிரிச்சுப் பார்த்தாங்க. வடையில ரெண்டை மட்டும் நாங்க கப்பல்லயே முடிச்சிருந்தோம்.