பண்டைய மரபைத் தழுவிய சமகால மரச் சிற்பம்

பண்டைய கலையின் நிலைகளையும் செய்முறைகளையும் எடுத்துக்கொண்டு மரத்தில் மனித உருவம் செதுக்கும் போக்கு, 1980-களிலிருந்து ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சிற்பக்கலையின் தனிக் கிளையாக வளர்ந்தது. ஜெர்மனியின் ஸ்டெஃபான் பால்கென்ஹோல், ஜப்பானின் கட்சுரா ஃபுனகோஷி, வட இத்தாலியின் வால் கர்தேனா பள்ளத்தாக்கைச் சேர்ந்த சிற்பிகள் ஆகியோர் இதில் முதன்மையானவர்கள். எகிப்தியக் கல்லறைச் சிலை, கிரேக்க இளைஞர் சிலை, ஜப்பானின் காமகுரா காலப் பௌத்தச் சிலை, ஐரோப்பிய இடைக்காலத் தேவாலயச் சிலை ஆகியவற்றிலிருந்து நிற்கும் முறை, கண் பதிக்கும் முறை, வண்ணம் தீட்டும் முறை ஆகியவற்றை இவர்கள் பெற்றனர். அந்தச் சிலைகளில் இடம்பெற்ற தெய்வம், அதிகாரி, துறவி ஆகியோரைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். பழைய பீடத்தில் இப்போது நிற்பவர் பெயரில்லாத சாதாரண மனிதர்.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் மேற்கத்தியச் சிற்பக்கலையில் அருவப் படைப்புகளே மேலோங்கின. எஃகுத் தகடு, கற்பாளம், தொழிற்சாலைப் பொருள் ஆகியவை சிற்பமாயின. மனித உருவம் பழைய நினைவுச்சின்னங்களுக்கு உரியதாகக் கருதப்பட்டது. ஜெர்மனியில் இந்தத் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாஜி ஆட்சி வீர உடலைப் பரப்புரைக்குப் பயன்படுத்தியதால், நிமிர்ந்து நிற்கும் ஆண் உருவம் அங்கே சந்தேகத்துக்கு உள்ளானது.

1980-ஆம் ஆண்டு வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சியின் ஜெர்மன் அரங்கில் ஓவியர் கியோர்க் பாசெலிட்ஸ் தம் முதல் சிற்பத்தை வைத்தார். ‘ஒரு சிற்பத்துக்கான மாதிரி’ என்ற அந்தப் படைப்பில், லிண்டன் மரக்கட்டையிலிருந்து பாதி எழுந்த மனிதன் ஒரு கையை உயர்த்தியிருக்கிறான். அதை நாஜி வணக்கமாகச் சிலர் புரிந்துகொண்டனர். பாசெலிட்ஸ் தாம் சேகரித்துவந்த மேற்கு ஆப்பிரிக்க லோபி மக்களின் மர உருவங்களையே முன்மாதிரியாகச் சுட்டினார். வெட்டுத் தழும்புகளை அப்படியே விட்டு வண்ணம் பூசிய அந்த உருவம், மரத்தில் மனிதனைச் செய்வதைச் சமகாலக் கலையின் பேச்சுப்பொருளாக்கியது. அமெரிக்காவில் மாரிசோல் எஸ்கோபார் (1930–2016) 1960-களிலேயே, கொலம்பசுக்கு முந்தைய அமெரிக்கக் கலையின் சாயலுடன் கட்டை வடிவ மர மனிதர்களைச் செய்திருந்தார்.

முன்மாதிரிகள்

எகிப்தின் சக்காராவில் 1860-இல் தொல்லியலாளர் ஓகுஸ்த் மரியெத்தின் அகழாய்வில் கிடைத்த, கா-ஆபெர் என்பவரின் மரச் சிலை இந்தக் கிளையின் மூதாதைகளில் ஒன்று. ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் பழமையான இது சுமார் 112 செ.மீ. உயரம் கொண்டது, இப்போது கெய்ரோ எகிப்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. கைகள் தனியே செய்து உடலோடு பொருத்தப்பட்டவை. செப்பு விளிம்புக்குள் பதித்த பளிங்குக்கண்கள் உயிருள்ள பார்வையைத் தருகின்றன. பருத்த உடலும் உருண்டை முகமும் தங்கள் ஊர்த் தலைவரைப் போலிருப்பதைக் கண்ட அகழாய்வுத் தொழிலாளர்கள் இதை ‘ஷேக் எல்-பெலெத்’ என்று அழைத்தனர். அந்தப் பெயரே நிலைத்தது.

கி.மு. ஏழு, ஆறாம் நூற்றாண்டுகளின் கிரேக்க ‘கூரோஸ்’ சிலைகள் கல்லால் ஆனவை. எனினும் அவற்றின் நிலை மரச் சிற்பிகளை ஈர்த்தது: நேர்முகமாக நிற்கும் ஆடையற்ற இளைஞன், பக்கவாட்டில் தொங்கும் கைகள், சற்றே முன்வைத்த இடக்கால், இரு கால்களிலும் சமமாக இறங்கும் பாரம். நம் சிற்ப நூல்கள் சமபங்கம் என்று சொல்லும் நேர்நிலைக்கு இது நெருக்கமானது.

ஜப்பானில் 11-ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஜோச்சோ, பல மரத்துண்டுகளை உள்ளீடற்றதாகக் குடைந்து இணைக்கும் ‘யோசேகி’ முறையைச் செம்மைப்படுத்தினார். பியோதோ-இன் கோயிலில் 1053-இல் அமைந்த அமிதா புத்தர் சிலை அம்முறையில் உருவானது. தலையின் உட்புறத்திலிருந்து பளிங்குக்கண் பதிக்கும் ‘கியோகுகான்’ முறைக்கு, காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய சான்று 1151-ஆம் ஆண்டின் சோகாகுஜி கோயில் அமிதா சிலைத் தொகுதி. காமகுரா காலத்தில் சிற்பி உன்கெய் இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டுசென்றார். நாரா நகரின் கோஃபுகுஜி கோயிலுக்காக 1212-ஐ ஒட்டி அவர் உருவாக்கிய அசங்கர், வசுபந்து சிலைகள் இந்தியப் பௌத்த அறிஞர்கள் இருவரையும் தனித்த முகமுள்ள மனிதர்களாகக் காட்டுகின்றன.

ஐரோப்பாவில் டில்மன் ரீமென்ஷ்னைடர் (சு. 1460–1531) லிண்டன் மரத்தில் செய்த தேவாலயச் சிற்பங்களும் வழிகாட்டியாயின. பல்வண்ணம் பூசுவதே வழக்கமாக இருந்த காலத்தில் மரத்தின் நிறத்தையே மேற்பரப்பாக விட்ட ஆரம்பகாலச் சிற்பிகளில் அவர் ஒருவர்.

மரமும் செய்முறையும்

மரம் உலரும்போது சுருங்கும். வெளிப்புறம் உட்புறத்தைவிட விரைவாகச் சுருங்குவதால் நடுத்தண்டை நோக்கி வெடிப்பு ஓடும். மர உருவம் செய்த எல்லா மரபுகளும் இந்த வெடிப்புக்கு விடை தேடியவையே. ரீமென்ஷ்னைடரின் காலத்தவர் சிலையின் முதுகைக் குடைந்தனர். ஜப்பானியர் உள்ளே குடைந்து துண்டுகளாக இணைத்தனர். சமகாலச் சிற்பிகள் இந்த விடைகளிலிருந்து தம் பாணியைத் தேர்ந்துகொண்டனர். ஃபுனகோஷி உடலைக் குடைந்தார். வால் கர்தேனாவின் கெஹார்ட் டெமெட்ஸ் சிறு கட்டைகளை அடுக்கி உருவத்தை எழுப்புகிறார். பால்கென்ஹோல் வெடிப்பை மறைக்காமல், சில சமயம் முகத்தின் குறுக்கே ஓடினாலும் ஏற்றுக்கொள்கிறார்.

மரத் தேர்வும் பாணியோடு சேர்ந்தது. இழை சீரான, முடிச்சுகள் குறைந்த லிண்டன் நுண்ணிய வேலைக்கு ஏற்றது. மேற்கு ஆப்பிரிக்காவின் வாவா மென்மையானது; வேகமாகச் செதுக்க இடம் தரும், விளிம்புகளில் சிலாம்பு நிற்கும். ஜப்பானியக் கற்பூர மரம் பூச்சிகளை விரட்டும் மணமுடையது. முதல் வடிவத்தை இயந்திர ரம்பத்தால் இறக்கிவிட்டு, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு முடிப்பது இன்றைய பொதுவான வழக்கம்.

முதன்மைச் சிற்பிகள்

ஸ்டெஃபான் பால்கென்ஹோல் 1957-இல் ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ்லாரில் பிறந்தார். 1976 முதல் 1982 வரை ஹாம்பர்க் நுண்கலைப் பள்ளியில், கல்லைப் பிளந்து அருவச் சிற்பம் செய்த உல்ரிக் ரூக்ரீமிடம் பயின்றார். ஆசிரியரின் பாதையிலிருந்து விலகி மனித உருவத்துக்குத் திரும்பியபோது, பண்டைய எகிப்தியச் சிற்பத்தின் அசையாத அமைதியை ஒரு தொடக்கப்புள்ளியாகக் கொண்டார். 1992 முதல் கார்ல்ஸ்ரூஹே கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

அவருடைய உருவமும் பீடமும் பெரும்பாலும் ஒரே அடிமரத்தில் அமைகின்றன. வெள்ளைச் சட்டையும் கருப்புக் கால்சட்டையும் அணிந்த ஆண், எளிய பாவாடை அணிந்த பெண் ஆகியோர் உயர்ந்த பீடத்தில் நிற்பார்கள். உடைக்கும் தலைமுடிக்கும் உதட்டுக்கும் வண்ணம் உண்டு. தோல் மரத்தின் நிறத்திலேயே இருக்கும். முகத்தில் மகிழ்ச்சியோ துயரமோ இராது. பீடம் தரும் உயரத்துக்கும் அதன்மேல் நிற்பவரின் சாதாரணத் தன்மைக்கும் உள்ள இடைவெளியே இச்சிற்பங்களின் மையம். 2009-இல் ரோம் நகரின் சீசர் மன்றத்தில், பேரரசின் இடிபாடுகளுக்கு நடுவே ‘செம்ப்ரே பியூ’ என்ற மாபெரும் மர ஆண் உடலை அவர் நிறுத்தினார்.

கட்சுரா ஃபுனகோஷி (1951–2024) ஜப்பானின் மொரியோகாவில் பிறந்தார். நாகசாகியின் 26 மறைசாட்சிகள் நினைவுச்சின்னத்தை உருவாக்கிய சிற்பி யசுதாக்கே ஃபுனகோஷி இவருடைய தந்தை. தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவராக இருந்தபோது, ஹாகோதாத்தே துறவு மடத்துக்காக அன்னையும் குழந்தையும் சிலையைச் செய்தார். 1977-இல் நிறைவுற்ற அந்தப் பணியே இவரைக் கற்பூர மரத்துக்குக் கொண்டுவந்தது.

இவருடைய உருவங்கள் இடுப்புவரை அமைந்தவை. மெல்லிய உலோகத் தாங்கியில் நிற்பவை. கண்கள் சலவைக்கல்லால் ஆனவை. கியோகுகான் முறையைப் போலவே முகப்பகுதியைப் பிரித்து உள்ளிருந்து அவற்றைப் பதித்தார். இரு விழிகளும் சற்றே வெளிநோக்கி விலகியிருப்பதால், எதிரே நிற்பவர் எங்கே நகர்ந்தாலும் அந்தப் பார்வையைச் சந்திக்க முடியாது. கண் பதிக்கும் பௌத்த மரபு பக்தரைத் தெய்வத்தின் பார்வைக்குள் கொண்டுவந்தது. ஃபுனகோஷி அதே நுட்பத்தால் தனக்குள் ஆழ்ந்த மனிதரைச் செய்தார். 1988 வெனிஸ் பியெனாலேயிலும் 1992 டொக்குமெண்டா கலைக் கண்காட்சியிலும் இவருடைய படைப்புகள் இடம்பெற்றன. பிற்காலத்தில் நீண்ட தோல் காதுகளும் இருபால் உடலும் கொண்ட ஸ்பிங்க்ஸ் உருவங்களைச் செய்தார். மனிதர்களைக் கவனித்து நிற்கும் அந்தப் புராண உயிர், ‘போரைப் பார்க்கும் ஸ்பிங்க்ஸ்’ என்ற படைப்பில் அரசியல் சாட்சியாகிறது.

வால் கர்தேனா, இத்தாலியின் தெற்கு டைரோலில் லாதின் மொழி பேசும் பள்ளத்தாக்கு. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே புனிதர் சிலைகளும் மரப் பொம்மைகளும் செதுக்கப்பட்டு ஐரோப்பா எங்கும் விற்பனையாயின. ஆகவே இங்குள்ள சமகாலச் சிற்பிகளுக்கு மரபு அருங்காட்சியகத்தில் பார்த்து அறிந்ததன்று, பட்டறையில் கைவந்தது. புரூனோ வால்போத் (பிறப்பு 1959) ஆளுயர உருவங்களில் தொடக்க மறுமலர்ச்சிக் கால உருவப்படங்களின் அடக்கத்தைக் கொண்டுவந்தார். கெஹார்ட் டெமெட்ஸ் (பிறப்பு 1972) செய்யும் குழந்தைகளின் முன்புறம் மென்மையாக முடிந்திருக்கும். கட்டைகளுக்கு நடுவே விட்ட இடைவெளிகள் உடலுக்குள் இருக்கும் வெறுமையைக் காட்டும். அதே ஆண்டில் பிறந்த ஆரோன் டெமெட்ஸ் உருவங்களைத் தீயில் கருக்கியும் மரப்பிசினைப் பூசியும் மேற்பரப்பை மாற்றினார். 2009 வெனிஸ் பியெனாலேயின் இத்தாலிய அரங்கில் பங்கேற்றார். வில்லி வெர்ஜினெர் (பிறப்பு 1957) உருவத்தின் குறுக்கே ஒற்றை நிறப் பட்டைகளைத் தீட்டிப் பழைய பல்வண்ணப் பூச்சுக்கு எதிர்த்திசையில் சென்றார்.

மதிப்பீடும் விவாதமும்

இச்சிற்பங்கள் மீதான முதன்மைக் குறை, கைத்திறமே கருத்தை விழுங்கிவிடுகிறது என்பது. குறிப்பாக வால் கர்தேனாவின் நேர்த்தியான மேற்பரப்பு இந்த விமர்சனத்துக்கு உள்ளாகிறது. உளித்தழும்பை விடுவதும் இடைவெளியை மூடாமல் விடுவதும் இதற்குச் சிற்பிகள் கண்ட மறுமொழிகளாகக் கொள்ளத்தக்கவை: உருவம் எவ்வளவு உயிரோட்டமாக இருந்தாலும் அது மரம் என்பதைப் பார்வையாளர் மறக்க முடியாது.

பொது இடத்தில் வைக்கும்போது வேறுவகை விவாதம் எழுகிறது. 2012-இல் டொக்குமெண்டா நடந்த காசெல் நகரில், புனித எலிசபெத் தேவாலயத்தின் கோபுரத்தில் பால்கென்ஹோலின் கைவிரித்த மனிதன் வைக்கப்பட்டான். தேவாலயம் தனியே ஏற்பாடு செய்த அச்சிற்பம் தம் கண்காட்சியின் பகுதியாகத் தவறாகப் பார்க்கப்படும் என்று டொக்குமெண்டாவின் இயக்குநர் கரோலின் கிறிஸ்டோவ்-பகார்கியெவ் எதிர்ப்புத் தெரிவித்தார். சாதாரண மனிதன் உயரத்தில் நிற்பதே சர்ச்சையாகும் அளவுக்குப் பீடத்துக்கு இன்னும் பொருள் உண்டு என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

பாதுகாப்பு

எகிப்தின் வறண்ட மணலும் ஜப்பானியக் கோயில்களின் தொடர்ச்சியான பராமரிப்பும் பழைய மரச் சிலைகளைக் காத்தன. சமகால மர உருவங்கள் பெரும்பாலும் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட கூடங்களில் வைக்கப்படுகின்றன. வெளிப்புறத்தில் நிறுத்தும்போது பராமரிப்பு கூடுகிறது. ஹாம்பர்க்கின் நீர்நிலைகளில் மிதவைகள்மேல் 1993-இல் நிறுவிய பால்கென்ஹோலின் நான்கு கருவாலி மர மனிதர்களைக் குளிர்காலத்தில் கரையேற்ற வேண்டியிருந்தது. நிலையான நினைவுச்சின்னம் வேண்டும் இடங்களில் வெண்கல வார்ப்பு பயன்படுகிறது. 2013-இல் லைப்சிக்கில் திறக்கப்பட்ட அவருடைய ரிச்சர்டு வாக்னர் சிலை அவ்வகையைச் சேர்ந்தது.