சிம்ஸ் வீட்டுக்கு பில் வந்த கதை

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் சுடுவது, கார் ஓட்டுவது, குதிப்பது என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் ஆடிய ஒரு விளையாட்டில் வேலையே வேறு. காலையில் எழுந்து குளித்து, சாப்பிட்டு, ஆபீஸ் போய், சாயங்காலம் வீடு திரும்பி, வாசல் தபால் பெட்டியில் கிடக்கும் பில்லைக் கட்ட வேண்டும்!

காசு கொடுத்து வாங்கிய விளையாட்டில் போய் யாராவது பில் கட்டுவார்களா? கட்டினார்கள். விளையாட்டின் பெயர் 'தி சிம்ஸ்'. அதில் பில் எப்படி வந்தது, இருபத்தைந்து வருடங்களில் எப்படி மாறியது, எது கடைசி வரை வரவே இல்லை என்பதெல்லாம் சுவாரஸ்யமான கதை. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் சுவாரஸ்யம்.

எரிந்த வீடு

வில் ரைட் என்ற அமெரிக்கர், ஜெஃப் பிரவுன் என்பவருடன் சேர்ந்து 1987-ல் மேக்சிஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1989-ல் வந்த இவர்களுடைய 'சிம்சிட்டி' விளையாட்டில் ஆடுபவர்தான் மேயர். ரோடு போடலாம், மின் நிலையம் கட்டலாம், ஊர்க்காரர்களிடம் வரி வசூலிக்கலாம். ஆட்டம் தொடங்கும்போது வரி 7 சதவீதம். அதை ஏற்றினால் ஜனங்கள் ஊரைக் காலி செய்வார்கள். இறக்கினால் கஜானா காலியாகும்.

1991 அக்டோபர் 20 அன்று கலிபோர்னியாவில் ஓக்லாந்து, பெர்க்லி மலைப்பகுதியில் பெரிய தீ விபத்து ஏற்பட்டது. 25 பேர் இறந்தார்கள். சுமார் 3,000 வீடுகள் சாம்பலாயின. அவற்றில் ஒன்று வில் ரைட்டின் வீடு.

எல்லாம் போனபின் மறுபடி குடித்தனம் வைக்க வேண்டும். முதலில் என்ன வாங்குவது? கட்டிலா, அடுப்பா, டிவியா? ஒரு மனிதனுக்கு உண்மையிலேயே எத்தனை பொருள் தேவை? இந்தக் கேள்விகள்தான் ரைட்டின் மனதில் இருந்த வீடு கட்டும் விளையாட்டு யோசனைக்கு உயிர் கொடுத்தன. 1993-ல் சிலரைக் கூட்டி வைத்து இந்த யோசனையைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். வரவேற்பே இல்லை. பாத்திரம் கழுவுவதும் கக்கூஸ் போவதும் ஒரு விளையாட்டா என்று கம்பெனிக்குள்ளேயே கிண்டல். 1997-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மேக்சிஸை வாங்கிய பிறகுதான் அது நகர்ந்தது. 2000 பிப்ரவரி 4 அன்று 'தி சிம்ஸ்' வெளியானது.

வீட்டுக்குள் ஒரு ஆளை விட்டு வேடிக்கை பார்க்கும் விளையாட்டு அதற்கு முன்பே வந்திருக்கிறது. 1985-ல் ஆக்டிவிஷன் வெளியிட்ட 'லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்' அப்படிப்பட்டதுதான். ஆனால் அந்த ஆள் பில் கவலை இல்லாத மனிதர். சிம்ஸ் குடும்பத்துக்கு அந்த யோகம் கிடையாது. சிம்சிட்டியில் வரி வாங்கும் பக்கம் உட்கார்ந்திருந்தவர், சிம்ஸில் கட்டும் பக்கத்துக்கு வந்துவிட்டார்!

மூன்று நாளுக்கு ஒரு தரம்

முதல் சிம்ஸில் ஒரு புதுக் குடும்பத்துக்குக் கையிருப்பு 20,000 சிமோலியான். (சிமோலியான் என்பது அந்த உலகத்தின் நாணயம்.) இதில் மனை வாங்கி, சுவர் எழுப்பி, சாமானும் வாங்க வேண்டும். அதன்பின் பேப்பரைப் பார்த்து வேலை தேட வேண்டும். ஆரம்பச் சம்பளம் நாளொன்றுக்குச் சுமார் 100 முதல் 250 சிமோலியான் வரை. தொடர்ந்து இரண்டு நாள் மட்டம் போட்டால் வேலை காலி.

பில் மூன்று நாளுக்கு ஒரு முறை வரும். அந்த விளையாட்டில் திங்கள், செவ்வாய் என்று கிழமையே கிடையாது. எல்லா நாளும் வேலை நாள்தான். வேகத்தைக் கூட்டாமல் ஆடினால், விளையாட்டின் ஒரு நிமிடம் நமக்கு ஒரு நொடி. அப்படியானால் ஒரு நாள் 24 நிமிடம், பில்லுக்கும் பில்லுக்கும் இடையே 72 நிமிடம். ஒன்றைக் கட்டி மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

கட்டாமல் விட்டால்? பில்லின் நிறம் மாறிக்கொண்டே போய்ச் சிவப்பாகும். அப்புறம் ஜப்தி செய்ய ஒரு ஆள் வருவார். அவரிடம் கெஞ்ச முடியாது, தவணை கேட்க முடியாது. பாக்கிக்கு ஈடாகப் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

யானைக்குத் தீனி

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அந்த பில் எதை வைத்துக் கணக்கிடப்பட்டது? டிவி எத்தனை மணி நேரம் ஓடியது, விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது என்பதை வைத்து இல்லை. வீட்டிலுள்ள சொத்தின் மதிப்பை வைத்துத்தான். பெயர்தான் பில், குணத்தில் அது சொத்து வரி.

ஒரு உதாரணம். முதல் சிம்ஸில் கறுப்பு வெள்ளை டிவி 85 சிமோலியான், கலர் டிவி 500, பிளாஸ்மா டிவி 3,500. பெரிய டிவி வாங்கினால் சிம்முக்குச் சந்தோஷம் சீக்கிரம் ஏறும். ஆனால் வீட்டின் மதிப்பு கூடுவதால் பில்லும் கூடும். டிவி பழுதானால் ரிப்பேர்காரருக்கு மணிக்கு 50 சிமோலியான் தர வேண்டும். விவரம் தெரியாமல் தானே திறந்து பார்த்தால் ஷாக் அடிக்கும். இதற்கு மேல் தேய்மானம் வேறு. வாங்கிய அன்றே திருப்பினால் முழு விலை கிடைக்கும். நாளாக ஆக விலை இறங்கும். பி.காம். மாணவர்கள் நோட்டில் போடும் அதே தேய்மானம்தான் :-)

வில் ரைட் இதைத் தெரிந்தேதான் செய்தார். நேரத்தை மிச்சப்படுத்தும் என்று வாங்கும் பொருள்களே கடைசியில் மனிதனின் நேரத்தைத் தின்றுவிடுகின்றன என்பதைக் கிண்டலாகக் காட்டும் எண்ணம் இருந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நம் ஊர்ப் பெரியவர்கள் இதை வேறு மாதிரி சொல்வார்கள். யானையை வாங்குவது ஒரு செலவு, கட்டித் தீனி போடுவது தினச் செலவு. பொருளின் விலை என்பது கடையில் கொடுக்கும் காசோடு முடிவதில்லை. தபால் பெட்டிக்கு வரும் அந்தக் காகிதம் இதைத்தான் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது.

பாச்சியோலி மன்னிப்பாராக

ஆடியவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்களா? பாதிப் பேர் குறுக்கு வழியைக் கற்றுக்கொண்டார்கள்!

'கிளபாசியஸ்' என்று டைப் அடித்தால் 1,000 சிமோலியான் கையில் சேரும். போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் படைத்த ஒரு ரோபோ பாத்திரத்தின் பெயர் அது. பிற்பாடு அந்தச் சொல் 'ரோஸ்பட்' என்று மாறியது. சில நிறுத்தக்குறிகளை வரிசையாகப் போட்டால் ஆயிரம் ஆயிரமாகக் கொட்டும். 2004-ல் வந்த இரண்டாம் சிம்ஸில் 'மதர்லோட்' என்று அடித்தால் ஒரே தட்டில் 50,000.

1494-ல் லூக்கா பாச்சியோலி இரட்டைப் பதிவு முறையை அச்சுப் புத்தகத்தில் விளக்கிய காலத்திலிருந்து, ஒரு வரவு என்றால் அதற்கு ஈடான பற்று எங்கேயாவது இருந்தாக வேண்டும். ரோஸ்பட்டுக்கு அந்தப் பற்று எங்கே? எங்கும் இல்லை. உலகத்திலேயே செலவுக் கணக்கு இல்லாத வரவு அதுதான்.

பணம் குவிந்ததும் என்ன நடந்தது? மாளிகை எழும்பியது, நீச்சல் குளம் வந்தது, கொஞ்ச நாளில் அலுத்தும் போனது. ஜப்தி ஆள் வரவே மாட்டார் என்று தெரிந்த வீட்டில் 85 சிமோலியான் டிவிக்கும் 3,500 டிவிக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. வீட்டை அலங்கரிப்பதில் மட்டும் ஆசை உள்ளவர்களுக்கு அது போதும். மற்றவர்கள் மறுபடியும் 20,000-ல் ஆரம்பித்தார்கள்.

கிழமை வந்தது

2004 செப்டம்பரில் வந்த 'சிம்ஸ் 2'-ல் முதுமையும் முதுமையால் வரும் மரணமும் சேர்ந்தன. கூடவே கிழமைகளும் வந்தன. அதனால் பில்லுக்கும் நாள் குறிக்கப்பட்டது: செவ்வாய், வியாழன். 2009-ல் 'சிம்ஸ் 3'-ல் அது திங்கள், வியாழன் ஆனது. அந்த மூன்றாம் பாகத்தில் ஒரு விசித்திரமான பரிசும் உண்டு. வாழ்நாள் முழுக்கச் சந்தோஷப் புள்ளிகளைச் சேர்த்துவந்தால், 'இனி பில்லே கிடையாது' என்ற வரத்தை வாங்கிக்கொள்ளலாம். தங்கம், வைரம் எல்லாம் இருக்க, பில் கட்டாமல் இருப்பதை ஒரு வாழ்நாள் பரிசாக யோசித்தவர் கட்டாயம் சம்பளக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

அந்த மூன்றாம் பாகம் வெளியான தேதியையும் பார்க்க வேண்டும். 2009 ஜூன் 2. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய பொருளாதாரச் சரிவு அந்த ஜூன் மாதத்தில்தான் அடிமட்டத்தைத் தொட்டது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலாகியிருந்தது. எல்லாவற்றுக்கும் வேர் வீட்டுக் கடன். திருப்பிக் கட்ட வசதி இல்லாதவர்களுக்கும் கடன் கொடுத்து, அந்தக் கடன்களை மூட்டை கட்டி விற்று, கடைசியில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன.

அதே சமயம் சிம்ஸ் உலகத்தில் ஒருவர் வீடும் போகவில்லை. போகவும் முடியாது. காரணம், அங்கே வீட்டுக் கடன் என்ற ஒன்றே கிடையாது. முழுத் தொகையையும் ரொக்கமாக வைத்தால்தான் வீடு. ஜப்தி ஆள் டிவியைத் தூக்குவார், சோபாவைத் தூக்குவார், வீட்டின் மேல் கை வைக்க மாட்டார்.

ஃபியூஸைப் பிடுங்கிய பாகம்

2014 செப்டம்பரில் வந்த 'சிம்ஸ் 4'-ல் பில் வாரம் ஒரு முறை ஆனது. ஆரம்பத்தில் ஜப்தி ஆளையும் காணோம். அவருக்குப் பதிலாக வேறு தண்டனை. பாக்கி வைத்தால் முதலில் கரண்ட் போகும், அப்புறம் தண்ணீர் நிற்கும். டிவி வீட்டிலேயே இருக்கும், ஆனால் ஓடாது. பிற்பாடு வந்த அப்டேட்களில் ஜப்தி ஆளும் திரும்பி வந்து சேர்ந்தார்.

2020-ல் 'ஈகோ லைஃப்ஸ்டைல்' என்ற விரிவாக்கம் வந்தபோது பெரிய மாற்றம் நடந்தது. எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் செலவானது என்று கணக்குக் காட்டத் தொடங்கினார்கள். சோலார் தகடு வைத்துத் தானே மின்சாரம் தயாரிக்கலாம், மிஞ்சியதை விற்கவும் செய்யலாம். இருபது வருடம் சொத்து வரியாக இருந்த பில், ஒருவழியாக நிஜமான கரண்ட் பில்லாக மாறியது. என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டது, எவ்வளவு செலவழித்தாய் என்றும் கேட்க ஆரம்பித்தது.

வராத பில்

கடன் மட்டும் நுழையவே இல்லையா? நுழைந்தது, ஆனால் வேறு வாசல் வழியாக. 2019 நவம்பரில் வந்த 'டிஸ்கவர் யுனிவர்சிட்டி'யில் சிம்கள் கல்லூரிக்குப் போகக் கல்விக் கடன் வாங்கலாம். படிப்பு முடிந்தபின் அதையும் அடைக்க வேண்டும். 2023 டிசம்பரில் வந்த 'ஃபார் ரென்ட்' வீட்டு ஓனரையும் குடித்தனக்காரரையும் கொண்டுவந்தது. கல்விக் கடனும் வாடகையும் வந்த பிறகும் வீட்டுக் கடனைக் காணோம். அது வேண்டும் என்றவர்கள் ரசிகர்கள் எழுதிய மாட்களைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள்.

ஜப்பானின் நின்டெண்டோ இதை நேர் எதிராகச் செய்தது. 2001-ல் தொடங்கிய 'அனிமல் கிராசிங்' தொடரில் டாம் நூக் என்ற கடைக்காரர் வீட்டைக் கடனுக்கே தந்துவிடுவார். 2020-ல் வந்த 'நியூ ஹொரைசன்ஸ்' பாகத்தில் முதல் வீட்டுக்கான கடன் 98,000 பெல். ஆனால் வட்டி இல்லை, கெடு இல்லை, பத்து வருடம் கட்டாமல் இருந்தாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. சிம்ஸில் பில் உண்டு, வீட்டுக் கடன் இல்லை. அங்கே கடன் உண்டு, வட்டி இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடனும் வட்டியும் கெடுவும் ஒன்றாகச் சேரும் நிஜமான வீட்டை இரண்டுமே சுற்றிக்கொண்டு போயிருப்பது தெரியும்.

இதைக் குறை என்று சொல்லலாமா? விளையாட்டு என்ற முறையில் சொல்ல முடியாது. முப்பது வருடத் தவணையைப் பொழுதுபோக்காக யார் கட்டுவார்கள்? ஆனால் சிம்ஸ் ஆடியே குடும்ப நிர்வாகம் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது: பாதிதான் கற்றுக்கொள்ளலாம். வருமானத்துக்குள் செலவு, ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் வரும் பராமரிப்பு, தேய்மானம், கெடு தாண்டினால் வரும் வினை, இவற்றையெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தையும் விட நன்றாகவே அது சொல்லித் தருகிறது. கையில் இல்லாத பணத்தில் வீடு வாங்கினால் என்ன ஆகும் என்ற மறுபாதியை அது சொல்லவே இல்லை. 2008-ல் அமெரிக்கக் குடும்பங்கள் பரீட்சை எழுதியது அந்த மறுபாதியில்தான். அங்கே டைப் அடிக்க ரோஸ்பட் எதுவும் கிடையாது.