தலைச்சொல்லின் புள்ளி: ஆங்கிலச் சொற்பிரிப்பும் பொருள் விளக்கமும்

மெரியம்-வெப்ஸ்டர் போன்ற அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே சிறு புள்ளிகள் இருக்கும். வரி முடிவில் சொல்லை முறிக்க நேர்ந்தால் இணைக்கோடு எங்கே வரலாம் என்பதை அவை காட்டுகின்றன. அவை அச்சுக்கோப்பவருக்கான குறிப்புகள், பொருள் விளக்கத்தோடு தொடர்பற்றவை என்று கருதுவது வழக்கம். அது பிழை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பிரிக்கும் இடம் பல வேளைகளில் அதன் பொருள் தெளிந்த பின்னரே தெரியவரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆங்கிலச் சொற்பிரிப்பில் இரு மரபுகள் உண்டு. 'நாலெட்ஜ்' என்னும் சொல்லைப் பிரிட்டிஷ் மரபு 'டபிள்யூ' எழுத்துக்குப் பின் முறிக்கும். 'அறி' என்று பொருள்படும் பகுதி குலையாமல் நிற்கும். அமெரிக்க மரபோ 'எல்' எழுத்தையும் முதல் வரியிலேயே நிறுத்தி உச்சரிப்பைக் காக்கும். இந்த ஒலிவழி மரபுக்கு நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டு நூல் வலுச் சேர்த்தது. 'கிளஸ்டர்' என்பதில் 'எஸ்' எழுத்தை இரண்டாம் அசைக்குத் தள்ளிய முந்தைய எழுத்துக்கூட்டு நூலாசிரியர் டில்வொர்த்தின் முறையை மறுத்து, அதை முதல் அசையோடு சேர்த்தார் அவர்.

ஒலியைப் பின்பற்றினால் பொருளைப் பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால் ஆங்கிலத்தில் அழுத்தம் சொல்லின் இலக்கண வகையோடு மாறுகிறது. 'ரெக்கார்டு' பெயராக வந்தால் முதல் அசை அழுத்தம் பெறும், முறிவு 'சி' எழுத்துக்குப் பின் விழும். அதுவே வினையானால் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகரும், முறிவும் 'சி'க்கு முன்னரே வந்துவிடும். 'பிரசன்ட்', 'புராஜெக்ட்' ஆகியவையும் இவ்வாறே. மெரியம்-வெப்ஸ்டர் இவற்றின் பெயரையும் வினையையும் தனித்தனித் தலைச்சொற்களாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு புள்ளியிடுகிறது. எது பெயர், எது வினை என்று பகுத்த அகராதியாளரின் முடிவே அந்தப் புள்ளியையும் இடுகிறது.

பொருள் விளக்கத்தை உதறிவிட்டுச் சொற்பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன இழக்கிறோம் என்பதைக் கணினி காட்டியது. ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் கனூத்தின் மாணவரான ஃபிராங்க் லியாங் 1983இல் அளித்த ஆய்வேடு, ஒரு கையடக்க அகராதியின் சொற்பட்டியலிலிருந்து 4,447 எழுத்துக் கோலங்களைத் திரட்டியது. கோலத்தில் எழுத்துகளுக்கிடையே ஒற்றைப்படை எண் வந்தால் முறிக்கலாம், இரட்டைப்படை வந்தால் கூடாது. இந்த எளிய கருவி பட்டியலின் இணைக்கோடுகளில் 89 விழுக்காட்டை ஏறத்தாழப் பிழையின்றிக் கண்டுபிடித்தது. வியக்கத்தக்க சாதனை அது; லிபர்ஆபிஸ் முதல் பயர்பாக்ஸ் வரை பல மென்பொருள்கள் இன்றும் அந்த வழியையே பின்பற்றுகின்றன. ஆயினும் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு நிரலில் அக்கோலங்களோடு சேர்க்கப்பட்ட 14 விதிவிலக்குகளில் 'பிரசன்ட்', 'புராஜெக்ட்' இரண்டும் அவற்றின் பன்மை வடிவங்களும் இடம்பெற்றன. அவற்றை எங்கும் முறிக்கக்கூடாது என்பதே கட்டளை. எழுத்துகளை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அது பெயரா வினையா என்பது தெரியாது.

முறிக்காமல் விடுவதே பாதுகாப்பு, இழப்பும் சிறிது என்று மறுப்பவர் கூறலாம். அகன்ற பக்கத்துக்கு அது சரி. குறுகிய செய்தித்தாள் பத்தியில் ஒரு சொல் முறியாமல் அடுத்த வரிக்குப் போனால், முந்தைய வரியின் இடைவெளிகள் அகன்று கண்ணை உறுத்துகின்றன. வாசகரைத் திசைதிருப்பும் முறிவோ அதைவிடக் கேடு: 'லெஜண்ட்ஸ்' என்பதை 'ஜி'க்குப் பின் முறித்தால் வாசகர் முதலில் 'கால்' என்று பொருள்படும் 'லெக்' என்பதைத்தான் படிப்பார்.

கூட்டுச்சொற்களிலும் பொருளுக்கும் இணைக்கோட்டுக்கும் உள்ள இதே உறவைக் காணலாம். 2007இல் வெளிவந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு சுமார் 16,000 இணைக்கோடுகளை நீக்கியது. 'ஐஸ் கிரீம்' இரு சொற்களாகப் பிரிந்தது, 'பம்பிள்பீ' ஒரே சொல்லாக இணைந்தது. ஆனால் பதவி விலகுவதையும் மீண்டும் கையொப்பமிடுவதையும் குறிக்கும் 'ரிசைன்' வடிவங்களில், இரண்டாவதற்கு இணைக்கோடு இன்றும் தேவைப்படுகிறது. அதை நீக்கினால் பொருள் மாறிவிடும்.

எனவே மின்னணுச் சொற்பட்டியல்கள் ஒவ்வொரு முறிவிடத்தோடும் இலக்கண வகையைப் பதிய வேண்டும். இலக்கணப் பிழை திருத்தும் மென்பொருள்கள் பெயரையும் வினையையும் ஏற்கெனவே இனங்காண்கின்றன. அந்த அறிவை வரி முறிக்கும் நிரலுக்கும் தந்தால், முறியாது விடப்பட்ட 'பிரசன்ட்' தொடருக்கேற்ற இடத்தில் முறியும்.