எண்பத்தெட்டு நாள்

ஆள் தேடிக் கடல் கடந்து கைநீட்டும் வழக்கம் ஆஸ்திரேலிய வேளாண்மைக்குப் புதிதன்று. 1863ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தென்கடல் தீவினர் அறுபதுக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் குயின்ஸ்லாந்துக்கு வந்து சேர்ந்தது. இராபர்ட் டவுன்ஸ் என்னும் வணிகரின் பருத்தித் தோட்டத்துக்காக வந்த அவர்களைத் தொடர்ந்து, கரும்புக் காடுகளுக்கென 1904 வரை 60,000க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ஏமாற்றியும் வலிந்து பிடித்தும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களுள் பலர். 1901இல் கூட்டரசு அமைந்ததும் அதன் முதல் நாடாளுமன்றம் செய்த சட்டங்களுள் ஒன்று, அவர்களைத் திருப்பி அனுப்புவதற்கானது. வேண்டியபோது அழைப்பதும் வேண்டாதபோது விரட்டுவதும் அன்றே தொடங்கின.

தீவினர் போயினர், பயிர் போகவில்லை. பின்னர் இத்தாலியர் முதலான ஐரோப்பியக் குடியேறிகள் கரும்பு வெட்டினர். காலப்போக்கில் கரும்பை வெட்ட இயந்திரம் வந்தது. ஆனால் மாங்கனியையும் செர்ரிப்பழத்தையும் கசங்காமல் கொய்ய மனிதக் கையே வேண்டியிருந்தது. அதுவும் ஆண்டு முழுவதும் அன்று. சில கிழமைகளுக்கு மட்டும்.

இந்நிலையில், வேளாண்மைக்குத் தொடர்பே இல்லாத ஒரு நோக்கத்தோடு 1975இல் ஒரு திட்டம் பிறந்தது. பிரிட்டன், அயர்லாந்து, கனடா ஆகிய நாடுகளின் இளைஞர்கள் ஓராண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்க்கலாம்; கைச்செலவுக்குப் பணம் குறைந்தால் இடையிடையே வேலையும் செய்யலாம். இதுவே விடுமுறைக்கால வேலை விசா. நாடுகளுக்கிடையே இளையோர் பழகவேண்டும் என்பதே அதன் நோக்கம். விடுமுறையே முதன்மை, வேலை அதற்குத் துணை. 1980இல் ஜப்பானும் 1995இல் தென்கொரியாவும் இதில் சேர்ந்தன. வந்த இளைஞர்கள் மது விடுதிகளில் பரிமாறினர். சிலர் பழத்தோட்டங்களுக்கும் சென்றனர்.

அப்படிச் சென்றோர் தங்கிய இடங்களின் நிலையை 2000ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் விடியற்காலை உலகம் அறிந்தது. குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் என்னும் சிற்றூரில், பழம் பறிப்போர் தங்கியிருந்த பழைய விடுதியில் ஒருவன் தீ வைத்தான். 15 இளைஞர்கள் மாண்டனர். தீ அறிவிப்பு மணி இயங்கவில்லை. ஓர் அறையின் சன்னலில் கம்பிகள் இருந்தன.

ஐந்தாண்டுகள் கழித்து, 2005 நவம்பரில், அரசு விதியைத் திருத்தியது. அறுவடைக்கு ஆள் இல்லை என்று பண்ணையாளர்கள் முறையிட்டதன் விளைவு அது. நகர்ப்புறத்துக்கு வெளியே மூன்று மாதம் பருவகால அறுவடை வேலை செய்தவருக்கு இரண்டாம் ஆண்டு விசா வழங்கப்படும் என்பது புதிய ஏற்பாடு. 2006இல் அது கால்நடை, மீன்பிடி, மரவளர்ப்பு ஆகியவற்றுக்கும் பின்னர்க் கட்டுமானத்துக்கும் விரிந்தது. குடிநுழைவுத் துறையின் கணக்கில் மூன்று மாதம் என்பது 88 நாள். இந்த எண்ணே பின்னர் அத்திட்டத்தின் பெயர்போல் ஆயிற்று. 2013–14ஆம் நிதியாண்டில் 40,000க்கும் மேற்பட்ட இரண்டாம் ஆண்டு விசாக்கள் வழங்கப்பட்டன.

இந்த 88 எவ்வாறு எண்ணப்பட்டது என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஒரே முதலாளியிடம் முழுநேர வேலை மூன்று மாதம் தொடர்ந்து கிடைத்தால் வார விடுமுறையும் கணக்கில் சேரும். விட்டுவிட்டு வேலை கிடைப்பவருக்கோ உழைத்த நாள் மட்டுமே கணக்கு. மழை பெய்தால் பறிப்பு இல்லை. பறிப்பு இல்லையேல் நாளும் இல்லை. பண்டபர்க்கில் தக்காளிப் பருவம் முடிந்தால் பௌவனுக்கு. அங்கும் ஓய்ந்தால் தெற்கே மில்டூராவின் திராட்சைக்கும் ஷெப்பர்ட்டனின் பேரிக்காய்க்கும். டல்லி வட்டாரத்து வாழைத் தோட்டங்களில் ஒருவர் தாரை வெட்ட, மற்றொருவர் அதைத் தோளில் ஏந்திச் சேற்றில் நடப்பார். 50 கிலோகிராமைத் தாண்டும் தார்களும் உண்டு.

கூலி பெரும்பாலும் நேரத்துக்கன்று, எண்ணிக்கைக்கு. பெட்டி நிரம்பினால் இத்தனை வெள்ளி. சராசரித் திறனுள்ள தொழிலாளி மணிக்கூலியைவிட 15 விழுக்காடு மிகுதியாக ஈட்டுமாறு அந்த வீதம் அமையவேண்டும் என்று தொழில்விதி கூறியது உண்மையே. ஆயினும் ஈட்டாதவருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்ற உறுதி அதில் இல்லை. பழுக்காத மரத்தின்கீழ் நின்றவன் நாள் முழுதும் நின்றாலும் பெட்டி நிரம்பாது.

வேலை தேடித்தரும் விடுதிகளும் எழுந்தன. வாடகையை முன்கூட்டிக் கொடுத்தவர்க்கே தோட்டம், வண்டியும் விடுதிக்காரருடையதே, அதற்கும் கட்டணம். தலைக்காசு வாங்கிய கங்காணியை அறிந்த நம் தோட்டப்புற மக்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. இங்கே கடனைவிட வலிய பிடி, ஒரு கையொப்பம். இத்தனை நாள் வேலை செய்தார் என்று முதலாளி படிவத்தில் ஒப்பமிட்டால்தான் அடுத்த ஆண்டு உண்டு. அறுபதாம் நாளில் கூலி குறைகிறது என்று வாய் திறப்பவர் யார்?

2015 மே மாதம் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சி பண்ணைகளின் அவலத்தை நாட்டுக்குக் காட்டியது. அதற்கு முந்திய ஆண்டே தொழிலாளர் குறைகேள் அதிகாரியின் அலுவலகம் விசாரணை தொடங்கியிருந்தது. 2016 அக்டோபரில் வெளிவந்த அதன் அறிக்கைக்காக 4,000க்கு மேற்பட்ட விசாக்காரர்கள் விடையளித்தனர். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே பெற்றதாக 35 விழுக்காட்டினர் கூறினர். செய்த வேலைக்குச் சிறிதோ முழுவதுமோ கூலி பெறாதவர் 28 விழுக்காட்டினர். கையொப்பத்துக்கே பணம் கொடுக்க நேர்ந்ததாகக் கூறியோர் 6 விழுக்காட்டினர். தொகை சிறிதெனத் தோன்றலாம். ஆனால் உழைத்தவன் உழைத்தேன் என்பதற்குச் சான்று வாங்கக் காசு கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இதற்கிடையே 2015 டிசம்பர் முதல் கூலியில்லா வேலை கணக்கில் சேராது என்றும், சம்பளச் சீட்டுக் காட்டவேண்டும் என்றும் அரசு விதித்தது. தேவையான சீர்திருத்தமே, ஆனால் கூலி கொடாதவன் சீட்டு மட்டும் கொடுப்பானா என்ற வினா நின்றது. 2017 முதல் இவ்விளைஞர்களின் வருவாய்க்கு முதல் வெள்ளியிலிருந்தே 15 விழுக்காடு வரி வந்தது. முதலில் அறிவிக்கப்பட்டதோ 32.5 விழுக்காடு! பண்ணையாளரே எதிர்த்ததால் அது குறைந்தது. 2019 ஜூலையில் மூன்றாம் ஆண்டும் வந்தது. அதற்கு இரண்டாம் ஆண்டில் ஆறு மாத வேலை.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லை மூடப்பட்டது. நாட்டில் இருந்த இளைஞர் தொகை சரிந்தது; பழங்கள் பறிப்பாரின்றி நின்றன. ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் கூலிவிதியைத் திருத்தக் கோரி முறையிட்டது அந்த ஆண்டு இறுதியில்தான். 2021 நவம்பரில் தொழில் ஆணையம் அதனை ஏற்றது. 2022 ஏப்ரல் 28 முதல், பெட்டிக் கணக்கில் வேலை செய்பவருக்கும் மணிக்கூலிக்குக் குறையாத தொகை உறுதி. உழைத்த நேரத்தை முதலாளி பதிந்து வைக்கவும் வேண்டும். அரை நூற்றாண்டை நெருங்கிய திட்டத்தில் இவ்வளவு எளிய ஓர் உரிமை இவ்வளவு பிந்தி வந்தது. அதுவும் விசா விதியால் வந்ததன்று. தொழிற்சங்கத்தின் வழக்கால் வந்தது.

விசா விதி வேறொரு வழியில் மாறியது. பிரிட்டனோடு செய்துகொண்ட வணிக உடன்படிக்கையின்படி, 2024 ஜூலை 1 முதல் பிரிட்டிஷ் கடப்பிதழ் உடையோர் பண்ணைக்குப் போகாமலே மூன்று ஆண்டு விசாவையும் பெறலாம். அதே ஆண்டு இந்தியர்களுக்கு இதனையொத்த 462ஆம் வகை விசா திறந்தது. 1,000 இடம், குலுக்கல் முறை. மலேசியரும் சிங்கப்பூரரும் இவ்வகையிலேயே செல்கின்றனர். இவர்களுக்கும், கொரியருக்கும் தைவானியருக்கும் அந்த விலக்கு இல்லை. ஒரே வரிசை மரங்களில் லண்டன் இளைஞன் விரும்பினால் பறிக்கிறான். அடுத்த மரத்தில் ஏணியேறிய சோல் நகரத்து இளைஞன் இன்னும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.