பொறியும் பொருளும்

பெங்களூரில் குடியேறிய தமிழர் அனைவரும் ஒருவகையில் மொழிபெயர்ப்பாளரே. சந்தையில் கன்னடம் கேட்கிறோம். கணப்பொழுதில் தமிழில் உணர்கிறோம். 'கையிந்த' என்பார், 'கையால்' என்று கொள்கிறோம். 'ஊரிந்த' என்பார், 'ஊரிலிருந்து' என்று கொள்கிறோம். உருபு ஒன்றே, ஆயினும் முன்னதன் பொருள் கருவி, பின்னதன் பொருள் நீங்கல். கை கருவி, ஊர் இடம் என்னும் உலகறிவால் அன்றோ நாம் இவற்றைப் பிரித்தறிகிறோம்?

இவ்வறிவைக் கணிப்பொறிக்கு ஊட்டுவது எங்ஙனம் என்பது பழைய வினா. 1954 ஜனவரியில் நியூயார்க்கில், 250 சொற்களையும் ஆறு விதிகளையும் கொண்டு, அறுபதுக்கு மேற்பட்ட ருசிய வாக்கியங்களைப் பொறியொன்று ஆங்கிலமாக்கிற்று. சில ஆண்டுகளில் பணி முற்றும் என்று பலர் நம்பினர். 1960இல் பார்-ஹில்லல் என்னும் அறிஞர் இதை மறுத்தார்: உலகப் பொருள்களைப் பற்றிய அறிவின்றிச் சில வாக்கியங்களின் பொருளைத் துணிதல் இயலாது என்றார். 1966இல் வெளிவந்த அமெரிக்கக் குழுவின் அறிக்கைக்குப் பின் அரசின் பொருளுதவியும் குன்றிற்று.

பின்னர் அறிஞர் சிலரது பார்வை பண்டை இலக்கணத்தின்பால் திரும்பியது. வினைக்கும் பெயருக்கும் உள்ள உறவைப் பாணினி 'காரகம்' என வகுத்தார். கருவியைக் கரணம் என்றும், நீங்கலின் எல்லையை அபாதானம் என்றும் பிரித்தார். தொல்காப்பியரும் 'வேற்றுமை மயங்கியல்' என ஓர் இயலே வகுத்துள்ளார். வடமொழி இலக்கணிகள் வாக்கியப் பொருளை விரித்த முறை, பொறியில் அறிவைப் பதிக்கும் முறையை ஒத்தது என்று அமெரிக்க ஆய்வாளர் ரிக் பிரிக்ஸ் 1985இல் எழுதினார். மறு ஆண்டு டிசம்பரில் இப்பொருள் குறித்த தேசிய மாநாடு நம் பெங்களூரிலேயே கூடியது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் முதலியோர் பாணினி நெறியைத் தழுவி, கன்னடம் உள்ளிட்ட மொழிகளை இந்தியில் தரும் 'அனுசாரகம்' என்னும் கருவியை உருவாக்கினர்.

இன்றைய பொறிகளுக்கு எவரும் விதி எழுதித் தருவதில்லை. கோடிக்கணக்கான வாக்கியங்களைக் கண்டு அவை தாமே பழகுகின்றன. 'ஊரிந்த' என்பதில் அவை பெரும்பாலும் இடறுவதில்லை. எனினும், அண்மையில் நம் மேசைக்கு வந்த பொறிவழி வரைவொன்றில், 'அதிகாரியிந்த' பெறப்பட்ட பணம் 'அதிகாரியால்' பெறப்பட்டதாக ஆகியிருந்தது. கோப்பு முழுவதையும் படித்த பின்னரே அது 'அதிகாரியிடமிருந்து' பெறப்பட்டது எனத் தெளிந்தோம். பணம் கொடுத்தவரைப் பெற்றவராக்கிவிட்டது ஓர் உருபு! அதிகாரி கொடுக்கவும் கூடும், பெறவும் கூடும். ஆகவே ஈண்டு உலகறிவும் போதாது, கோப்பின் வரலாறும் வேண்டும்.

பொறி தரும் வரைவை நன்றியுடன் ஏற்போம். ஆயினும் கையொப்பம் இடுமுன், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதைக் கோப்பைப் புரட்டி நாமே அறிந்து கொள்வோமாக.